கடல் கடந்த கல்வியும் நம் கிராமங்களும்

கல்வியின் பொருட்டுக் கடல் கடப்பது இன்று அதிசயமன்று. சீமைக்குப் போய்த் திரும்பியவரை மாலையிட்டு மேளதாளத்துடன் அழைத்துவந்த ஊர்களிலேயே இன்று தெருவுக்கு ஒரு வீட்டில், அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ படிக்கும் பிள்ளையைப் பற்றிய பேச்சு நடக்கிறது. 2024-25-ஆம் கல்வி வருஷத்தில் அமெரிக்காவில் படித்தும் பயிற்சி பெற்றும் வந்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். ஜெர்மனியில் 2023-24 குளிர்காலப் பருவத்தில் படித்த நம்மவர்கள் 49,483 பேர். இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2021-22-ஆம் வருஷக் கணக்குப்படி உலகத்தின் எல்லா நாடுகளிலிருந்தும் நம் தேசத்துக்கு வந்து படித்தவர்கள் 46,878 பேர்தாம். அவர்களிலும் கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் நேபாளத்து மாணவர்கள். ஜெர்மனி என்ற ஒரு நாட்டுக்கு நாம் அனுப்பும் மாணவர் தொகைக்குக்கூட, உலகம் முழுவதும் சேர்ந்து நமக்கு அனுப்பும் தொகை ஈடாகவில்லை.

இதைக் கண்டு பிள்ளைகளைப் போகவேண்டாமென்று தடுப்பது பேதைமை. அறிவு எங்கிருந்தாலும் தேடிச்சென்று பெறவேண்டியதே. ஆனால் ஒரு பக்கமாகவே ஓடும் கொடுக்கல் வாங்கலுக்குப் பரிவர்த்தனை என்ற பெயர் பொருந்தாது. நமக்குக் கற்றுக்கொள்ள வேண்டியது ஏராளமாக உண்டு. கற்றுக்கொடுக்க ஒன்றுமே இல்லையென்று நாமே ஒப்புக்கொண்டுவிட்டோமா என்பதுதான் கேள்வி. திண்டுக்கல் சீமையில் வாழ்பவர்களுக்கு இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க உரிமையில்லை. ஏனென்று பின்னே கூறுவோம்.

பரிவர்த்தனை பிறந்த வகை

மாணவர்களை நாடு விட்டு நாடு மாற்றிக்கொள்ளும் முறை யுத்தத்தின் சாம்பலிலிருந்து முளைத்தது. 1914 முதல் 1918 வரை ஐரோப்பாவின் இளைஞர்கள் பதுங்குகுழிகளில் ஒருவரையொருவர் கொன்று தீர்த்த பிறகு, பகைவரின் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ்ப் படித்தாலன்றிச் சமாதானம் நிலைக்காது என்று அறிஞர் சிலர் கருதினர். 1919-இல் நியூயார்க் நகரத்தில் இதற்கென்றே ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. 1925-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்தில் மாணவர் பரிமாற்றத்துக்கான வேலை தொடங்கியது. இரண்டாவது மகாயுத்தம் முடிந்ததும், 1946-இல், அமெரிக்க செனட் சபை அங்கத்தினர் புல்பிரைட் என்பவர் கொண்டுவந்த சட்டம் இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. இந்தியாவுடன் அதற்கான ஒப்பந்தம் 1950 பிப்ரவரியில் கையெழுத்தாயிற்று. 2008 முதல் அத்திட்டத்துக்கு நேருவின் பெயரும் சேர்ந்து, செலவை இரு தேசங்களும் சமமாக ஏற்கும் ஏற்பாடு உண்டாயிற்று. பட்டமும் உத்தியோகமும் இம்முயற்சியின் நோக்கமாக இருக்கவில்லை. மனிதனை மனிதன் அறிவதே நோக்கமாயிருந்தது. இன்றோ பட்டமும் உத்தியோகமும் முன்னே நிற்க, மூல நோக்கம் பின்னே போய்விட்டது.

முதல் நாட்களின் வல்லமை

அயல்நாட்டில் ஒரு மாணவன் கழிக்கும் முதல் சில நாட்கள் அற்பமானவையல்ல. அந்நாட்களில் எந்தக் கதவு அவனுக்குத் திறக்கிறதோ அந்த வழியாகவே அவன் அத்தேசத்தைக் கடைசிவரை பார்க்கிறான். ஜெர்மனியிலிருந்து அமெரிக்க சர்வகலாசாலைக்குச் செல்லும் இளைஞனை எடுத்துக்கொள்வோம். இருவரும் வெள்ளையர், இருவரும் மேல்நாட்டினர், அவனுக்கென்ன கஷ்டம் என்று நாம் நினைக்கலாம். அவனும் திகைக்கவே செய்கிறான். எதிர்ப்படுபவர் ஒவ்வொருவரும் சிரித்த முகத்துடன் நலமா என்று கேட்கிறார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கடந்து போய்விடுகிறார். கேட்டவர் பதிலை எதிர்பார்க்கவில்லை, அது வெறும் வணக்கமே என்று புரிய இரண்டு மூன்று நாட்களாகின்றன. தன் நாட்டில் பட்டப் பெயரோடு விளிக்கப்படும் ஆசிரியர், இங்கே தம்மைப் பெயர் சொல்லியே அழைக்கும்படி சொல்கிறார். பருவ முடிவில் ஒரே பெரிய பரீட்சையை எதிர்நோக்கிப் படித்தவனிடம் வாரந்தோறும் கட்டுரை கேட்கிறார்கள். வகுப்பில் வாய்திறந்து பேசுவதற்கும் மதிப்பெண் இடுகிறார்கள். அறையையும் முன்பின் அறியாத ஒருவனோடு பங்கிட்டுக்கொள்ள நேருகிறது.

இவையெல்லாம் மேற்பரப்பு. அடியில் நிகழ்வது என்ன என்பதற்கு ஒரு மெய்யான சரித்திரத்தைச் சொல்வோம்.

1930 செப்டம்பரில் தியத்ரிச் போன்ஹோபர் என்ற ஜெர்மானிய இளைஞர் பரிமாற்ற மாணவராக நியூயார்க் நகரத்தின் யூனியன் வேதாந்தக் கலாசாலைக்கு வந்து சேர்ந்தார். வயது இருபத்துநான்கு. பெர்லின் சர்வகலாசாலையில் உயர்ந்த பட்டங்களைப் பெற்றிருந்தவர். வகுப்பறைப் போதனை அவருக்கு ஆழமற்றதாகத் தோன்றிற்று. விடுதியில் மாணவர்கள் ஒளிவுமறைவின்றிக் கூடி வாழ்வதை மெச்சினார். ஆயினும் அந்தத் தோழமைக்குப் பங்கம் வந்துவிடுமோ என்று கடினமான உண்மையைச் சொல்லாமல் விழுங்கிவிடும் வழக்கத்தையும் அவர் கவனியாமலில்லை. இவ்வளவோடு நின்றிருந்தால், அமெரிக்காவில் கற்க ஒன்றுமில்லை என்ற அபிப்பிராயத்துடன் அவர் ஊர் திரும்பியிருப்பார்.

அப்படி நேராமல் தடுத்தவர் உடன்படித்த மாணவர் ஒருவர். ஆல்பர்ட் பிராங்க்ளின் பிஷர் என்ற அந்த நீக்ரோ இளைஞர், அடிமைத்தனத்தின் வடு ஆறாத அலபாமா மாகாணத்திலிருந்து வந்தவர். அவர் தம் ஜெர்மானிய நண்பரை, சர்வகலாசாலையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலிருந்த ஹார்லம் பகுதிக்கு, கறுப்பின மக்களின் அபிசீனிய ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார். போன்ஹோபர் ஞாயிறுதோறும் அங்கே போகலானார்; அங்குள்ள சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்; அவர்களுடைய பக்திப் பாடல்களின் இசைத்தட்டுகளைச் சேர்த்துத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். சுதந்திரம் என்று முழங்கும் தேசத்தில் நிறத்தின் பெயரால் மனிதன் மனிதனை ஒதுக்குவதைக் கண்ணால் கண்டார். 1933-இல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்து யூதர்களை வதைக்கத் தொடங்கியபோது, ஜெர்மனியின் சமயத் தலைவர்களில் பலர் வாளாவிருக்க, இவர் எழுந்து எதிர்த்தார்.

இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவிலிருந்தபோதே இந்தியாவுக்கு வரவேண்டுமென்ற ஆவல் அவருக்கு இருந்தது. அக்கிரமத்தை ஆயுதமின்றி எதிர்ப்பது எப்படி, பிரார்த்தனையும் உடலுழைப்பும் கூட்டு வாழ்வும் ஒன்றாக இசைவது எப்படி என்று காந்தியடிகளிடமே கற்க விரும்பினார். 1934-இல் கடிதம் எழுதினார். அவ்வருஷம் நவம்பர் முதல் தேதி காந்தியடிகள் பதில் எழுதி, தம்மோடு தங்கி அன்றாட வாழ்வில் பங்குகொள்ள வரலாமென்று அழைத்தார். ஆனால் ஜெர்மனியில் வேலை அழைத்தது, போன்ஹோபர் வரவில்லை. 1939-இல் மறுபடியும் அமெரிக்காவுக்குச் சென்று, பத்திரமாக அங்கேயே தங்கிவிடக் கூடிய நிலையில், சில வாரங்களிலேயே தம் ஜனங்களிடம் திரும்பினார். 1943-இல் சிறைப்பட்டார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி, யுத்தம் முடிய ஒரு மாதமே இருக்கும்போது, தூக்கிலிடப்பட்டார். சபர்மதியையோ வார்தாவையோ காணாமலே அவர் வாழ்வு முடிந்தது.

திண்டுக்கல்லின் பொறுப்பு

அவர் தேடிய கல்வியை அளிக்கும் நோக்கத்தோடு ஒரு ஸ்தாபனம் திண்டுக்கல் சமவெளியில் எழுந்தது. 1947-இல், சின்னாளபட்டிக்கு அருகே, சிறுமலையின் பார்வையில், டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தார்கள். அம்மையார் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி. இளமையில் விதவையாகி, பின்னர் வைத்தியம் படித்துத் தேறி, கிராமத்துப் பெண்களின் சேவையை வாழ்க்கையாகக் கொண்டவர். பிற்காலத்தில் இதே திண்டுக்கல் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ராமச்சந்திரன் சாந்திநிகேதனத்தில் தாகூரிடமும் பின்னர் காந்தியடிகளிடமும் பயின்றவர். ஆஸ்பத்திரி, கதர், ஆதாரக் கல்வி என்று வளர்ந்த அப்பணியிலிருந்து 1956-இல் கிராமிய உயர்கல்வி நிலையம் பிறந்தது. 1976-இல் அதற்குச் சர்வகலாசாலை அந்தஸ்து கிடைத்தது. மாணவர்கள் கிராமத்தில் சில நாட்கள் தங்கி, அந்த ஜனங்களோடு பழகிப் படிப்பது அங்கே பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. இதை ஒத்த பாடத்தை மேல்நாட்டுப் பெரிய கலாசாலைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

காந்திகிராமத்துக்கு வந்தவர்களில் ஒருவரை மட்டும் நினைவுகூர்வோம். 1959-இல், காந்தி ஸ்மாரக நிதியின் காரியதரிசியாயிருந்த ராமச்சந்திரனின் அழைப்பின் பேரில், மார்ட்டின் லூதர் கிங் தம் மனைவியுடன் நம் தேசத்துக்கு வந்தார். பிப்ரவரி மாதத்தில் காந்திகிராமத்துக்கும் வந்தார். ஹார்லம் ஆலயத்தில் ஜெர்மானிய மாணவர் எந்த ஜனங்களின் துயரத்தைக் கண்டாரோ அந்த ஜனங்களின் தலைவர், அந்த ஜெர்மானியர் தேடிய வித்தையைத் தேடி நம் சமவெளிக்கு வந்தார். ஒருவருக்குக் கிடையாத பாக்கியம் மற்றவருக்குக் கிடைத்தது.

வந்தவர்கள் மட்டுமல்லர்; வந்து நம்மவராகவே ஆகிவிட்டவர்களும் உண்டு. ரால்ப் ரிச்சர்ட் கெய்த்தான் 1925-இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவராக மதுரைக்கு வந்தார். அந்த மிஷனுக்குத் திண்டுக்கல்லோடு 1835 முதல் தொடர்பு உண்டு. அவர் கதர் உடுத்தார். சுதந்திரப் போராட்டத்தினிடம் அனுதாபம் காட்டினார். 1930-இல் ஆங்கில சர்க்கார் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. மீண்டும் வந்தார், 1944-இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார். சுதந்திரம் வந்ததும் திரும்பிவந்து, காந்திகிராமத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் உழைத்தார். போதிக்க வந்தவர் மாணவராக மாறினார்; அதுவே அவருடைய பெருமை. இன்னும் பின்னே போனால், 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியர், சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துக்களைக் கற்றதைக் காண்கிறோம். அவருடைய மதப் பிரசாரத்தைப் பற்றி யார் எந்த அபிப்பிராயம் கொண்டாலும் சரி, அந்த மணற்பாடத்தின் பணிவை எவரும் குறை கூறார். படித்த ஐரோப்பியர் ஒருவர் நம் குழந்தைகளுக்குச் சக மாணவராயிருந்த நாட்கள் அவை.

நம்மிடமிருந்து போனவர்களுக்கும் இதே இலக்கணம் பொருந்தும். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, பம்பாயில் கணக்குத் தணிக்கையாளராயிருந்து, 1927-இல் அமெரிக்காவுக்குச் சென்றார். 1928-இல் சிரகூஸ் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, பின் நியூயார்க்கின் கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். இந்தியா ஏன் ஏழையாயிருக்கிறது என்று அவர் ஓர் ஆலயத்தில் செய்த பிரசங்கம் பத்திரிகையில் வெளிவந்தது. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அதே விஷயத்தையே ஆராயும்படி அவரைத் தூண்டினார். தம் தேசத்துச் செல்வம் எவ்வழியே வடிந்துபோகிறது என்பதை அந்நிய நாட்டு நூல்நிலையத்தில் உட்கார்ந்து கண்டறிந்தார் குமரப்பா. 1929-இல் திரும்பிவந்து காந்தியடிகளைச் சேர்ந்தார். கடைசிக் காலத்தை மதுரை ஜில்லா கல்லுப்பட்டியில் கழித்தார். கடல் கடந்த கல்வி அவருக்கு நம் கிராமத்தையே காட்டிற்று.

நாம் செய்யவேண்டியது

இவ்வளவும் கூறியது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. இன்று ஒரு ஜெர்மானிய மாணவனோ அமெரிக்க மாணவியோ திண்டுக்கல்லில் வந்து இறங்கினால், அவர்களுடைய முதல் நாட்கள் எப்படிக் கழியும்? கோட்டைக்கு அழைத்துப் போவோம். பிரியாணி வாங்கித் தருவோம். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டி வைத்து அனுப்புவோம். மாலையிட்டுப் படம் எடுத்துக்கொள்வோம். உபசாரத்தில் நம்மவர்கள் ஒருபோதும் குறைந்தவர்களல்லர். ஆனால் நிலக்கோட்டையில் விடியுமுன் பூப்பறிக்கும் கைகளையும், சின்னாளபட்டியில் சுங்குடிக்கு முடிச்சிடும் விரல்களையும், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இரவு வேலை முடித்துவரும் பெண்களையும், தோல் பதனிடும் தொழிலால் கெட்டுப்போன கிணறுகளையும் அவர்களுக்குக் காட்டுவோமா? ஊரைக் காட்டும்போது சேரியையும் காட்டுவோமா?

இங்கே சிலர் ஆட்சேபிப்பார்கள். குறையைக் காட்டினால் 1927-இல் மிஸ் மேயோ எழுதியதுபோல இன்னொருவர் நம் தேசத்தை இழித்து எழுதிவிடுவார் என்று அஞ்சுவார்கள். அவ்வச்சம் நியாயமற்றதென்று சொல்லமாட்டோம். ஆயினும் மேயோ அம்மையார் பார்க்க வந்தவர். கெய்த்தான் வாழ வந்தவர். அழுக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போவதற்கும், அதைக் கழுவும் கைகளோடு கை சேர்ப்பதற்கும் உள்ள பேதம் பெரிது. பிஷர் தம் ஜனங்களின் வறுமையைக் கண்டு வெட்கி, நண்பரை ஹார்லமுக்கு அழைத்துச் செல்லாமலிருந்திருந்தால் உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம்! ஒளிப்பதால் கௌரவம் காக்கப்படுவதில்லை; திருத்துவதால்தான் காக்கப்படுகிறது.

உண்மையான சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. அயல்நாட்டு மாணவனை நடுவீட்டில் உட்காரவைத்து இலைபோட்டுப் பரிமாறும் குடும்பம், பக்கத்துக் கிராமத்துச் சேரியிலிருந்து திண்டுக்கல் கல்லூரிக்கு வந்து சேர்ந்திருக்கும் மாணவனுக்கு ஒரு வாடகை அறை கொடுக்க மறுக்குமானால், அந்த உபசாரத்துக்கு என்ன மதிப்பு? தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பெண்ணுக்கும் அது அந்நிய நாடுதான். அங்கே பேசும் பாஷை புதிது, புத்தகம் புதிது, எங்கே உட்காருவது, யாரிடம் கேட்பது என்பதுகூடப் புதிது. அவளுடைய முதல் வாரத்தைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. கடல் கடந்து போகும் பையனுக்கு அங்கே வரவேற்பு வாரம் ஒன்று நடத்துகிறார்கள்; இருபது மைல் கடந்து வரும் பெண்ணுக்கு இங்கே என்ன நடத்துகிறோம்?

இது கூடாத காரியமல்ல என்பதற்கும் இந்தச் சமவெளியிலேயே சாட்சியம் உண்டு. பட்டிவீரன்பட்டியில் 1926-இல் நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள், சௌந்திரம் அம்மையாரின் ஆதரவில் மதுரையில் தங்கிப் படித்துப் பட்டம் பெற்றார். பின் தம் கணவர் ஜகந்நாதனோடு பூமிதான இயக்கத்தில் இறங்கி, நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க வாழ்நாளைச் செலவிட்டார். 2008-இல் சுவீடன் தேசத்து விருது அவர்களைத் தேடி வந்தது. 2020-இல் அவருக்குப் பத்மபூஷண் அளிக்கப்பட்டது. ஒரு பெண்ணுக்குச் சரியான தருணத்தில் ஒரு கதவு திறந்ததால் விளைந்த பலன் இது.

ஆகவே மூன்று காரியங்களைத் திண்டுக்கல் வட்டாரத்துக் கல்லூரிகளுக்கும் பொதுஜனங்களுக்கும் விண்ணப்பித்துக்கொள்கிறோம்.

முதலாவது, வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களின் முதல் பத்து நாட்களைக் கிராமத்தில் கழிக்கச் செய்யவேண்டும். ஊரிலும் சேரியிலுமாகக் குடும்பங்கள் அவர்களை ஏற்கட்டும். ஓட்டல் அறையிலிருந்து தேசத்தைப் பார்ப்பவன் ஓட்டலைத்தான் பார்ப்பான்.

இரண்டாவது, வெளிநாடு செல்லவிருக்கும் நம் மாணவர்கள் புறப்படுமுன் தம் சொந்தக் கிராமத்தின் கணக்கை எழுதிப் பார்க்கவேண்டும். எத்தனை கிணறு, எவ்வளவு கடன், யாருக்கு நிலம், யாருக்கு இல்லை, எத்தனை பெண்குழந்தைகள் படிப்பை நிறுத்தினார்கள் என்று அறிந்துகொண்டு போகட்டும். தன் ஊரைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவன், பரிவர்த்தனைக்கு வெறுங்கையோடு போகிறவனாவான். வீட்டையும் நகையையும் அடகு வைத்து அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: கடனை அடைப்பதொன்றே பிள்ளையின் படிப்புக்கு இலட்சியமாகிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அயல்நாட்டவருக்குச் செய்யும் வரவேற்பில் அணுவளவும் குறையாமல், குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிக்கு வரும் நம் பிள்ளைகளுக்கும் செய்யவேண்டும். மேல்வகுப்பு மாணவர் ஒருவர் அவர்களில் ஒவ்வொருவருக்கும் துணையாக நியமிக்கப்படட்டும். ஒரு நாளாவது ஒரு வீட்டில் அவர்களுக்கு விருந்து நடக்கட்டும். வாடகைக்கு அறை கேட்டு வருபவனிடம் ஜாதி விசாரிக்கும் வழக்கம் ஒழியட்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. சர்க்காரின் உத்தரவுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மனம் மட்டுமே வேண்டும். பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல், கதவு திறப்பதிலும் பெயர்பெற வேண்டுமென்பது நம் விருப்பம். வருகிற கல்வி வருஷத் தொடக்கத்திலேயே ஒரு கல்லூரியாவது இதை ஆரம்பித்து வைக்குமென்று நம்புகிறோம்.